மலை தெரியாத கடலுக்குச் செஞ்சி வேன்

கடலே இல்லாத ஊர்ல இருந்து கடலுக்கு ஆள் கூட்டிட்டுப் போறதுதான் என் பொழப்பு. டூர் வேன் ஓட்டறவங்க, கல்யாண வீட்டுல பந்தி பாக்கறவங்க, நாலு பேரை ஒண்ணா கெளப்பிக் கூட்டிட்டுப் போய் அவஸ்தைப்பட்டவங்க எல்லாம் கொஞ்சம் இப்படி வந்து உக்காருங்க. உங்களுக்குத்தான் இது புரியும்.

சனிக்கிழமை மத்தியானம் செஞ்சி பஸ் ஸ்டாண்டுல ஆளுங்களை வேன்ல ஏத்தி, புதுச்சேரி துறைமுகத்துல வாடகைப் படகுக்கு மாத்துவேன். ராத்திரி பூரா ஆழ்கடல்ல தூண்டில் போட்டுட்டு விடிஞ்சதும் கரைக்கு வரணும். கேக்க நல்லாத்தான் இருக்குது. போன ரெண்டு தடவையும் நம்ம ஆளுங்க வாந்தி எடுத்து, அழுது, பாதியிலயே படகைத் திருப்பிட்டாங்க. படகை ஓட்டற ஸ்ராங்கு மாசிலாமணி அண்ணனைப் பாத்துத் துறைமுகமே சிரிக்குது. வேற படகுக்காரங்க யாரும் எங்களைச் சேக்கறதில்ல. அதனால இந்தத் தடவை கெளம்பறதுக்கு முன்னாடியே அவர் சொல்லிட்டாரு: "இன்னைக்கும் பாதியில திரும்புனா, இனிமே செஞ்சி ஆளு ஒருத்தனும் என் படகுல கால் வெக்கக் கூடாது. உன்னையும் சேத்துத்தான் சொல்றேன்."

மண்புழு

அன்னைக்கு வந்த கூட்டத்துக்குத் தலைவர் தனசேகர் அண்ணன், செஞ்சியில அரிசி மில் வெச்சிருக்கறவர். அவர் மச்சான் குமாரு தொண்டூர்க்காரன். ஏரியில மீன் புடிக்கறதுல தன்னை விட்டா ஆளில்லைன்னு நெனப்பு. வேன்ல ஏறும்போதே ஒரு பெயிண்ட் டப்பாவை மடியில வெச்சுக்கிட்டான். வழியில ஒரு பள்ளத்துல வேன் குதிச்சதும் மூடி கழண்டு சீட்டு பூரா மண்புழு. வேனை ஓரங்கட்டிட்டு ஒவ்வொண்ணா பொறுக்கினோம். கடல்ல எறாலும் கணவாயும்தான்டா தூண்டில்ல மாட்டுவாங்க, எல்லாம் படகுலயே இருக்குதுன்னு தலையில அடிச்சுக்கிட்டேன். குமாரு கடைசிப் புழுவைத் துடைச்சு டப்பாவுல போட்டுட்டு என்னைப் பாத்தான்: "ஏரி மீனுக்குப் புடிக்கறது கடல் மீனுக்குப் புடிக்காதுன்னு நீ போய் கேட்டியா?"

வெள்ளை ஷூ

படகுல யாரும் செருப்புக் காலோட ஏற மாட்டாங்க. அவங்களுக்குச் சோறு போடற எடம் அது. இதை வேன்லயே தொண்டை வறள சொன்னேன். தனசேகர் அண்ணனும் தலையை ஆட்டினாரு. ஆட்டிட்டு, இந்த டிரிப்புக்குன்னே வாங்கின வெள்ளை ஷூவோட நேரா ஏறிப்போய், முன்பக்கம் அவங்க கும்பிட்டு மாலை போட்டிருந்த எடத்துலயே காலை வெச்சாரு. மாசிலாமணி அண்ணன் இன்ஜினை நிறுத்திட்டாரு. திரும்பி என்னையே பாத்தாரு. நானே குனிஞ்சு ஷூவைக் கழட்டி, வாளித் தண்ணி ஊத்தி அந்த எடத்தைக் கழுவினேன். குனிஞ்ச என் முதுகுல கையை ஊனிக்கிட்டு தனசேகர் அண்ணன் கேட்டாரு: "கோயில்லயாச்சும் செருப்புக்கு டோக்கன் குடுத்து வாங்கி வெப்பான், இங்க இன்னா ஏற்பாடு பண்ணியிருக்க தம்பி?"

வெறும் கயிறு

கூட்டத்துல இன்னொருத்தர் ஜெயபால் நயினார். மேல்சித்தாமூர்ல சமணக் குடும்பம், மல்லாட்டைன்னு நாங்க சொல்ற வேர்க்கடலை வியாபாரம். மீன் திங்கவும் மாட்டாரு, புடிக்கவும் மாட்டாரு. தனசேகர் அண்ணனோட பள்ளிக்கூடத்துக் கூட்டாளி, அவர் எங்க போனாலும் கூட வருவாராம். மீன் புடிக்கற டிரிப்புக்குமான்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு, முழுங்கிட்டேன்.

பொழுது சாயறதுக்குள்ள அவர் கொண்டுவந்த புளிச்சோத்தைச் சாப்பிட்டு, வாயைக் கொப்பளிச்சுட்டு உக்காந்துட்டாரு. இருட்டிட்டா சாப்பிட மாட்டாராம். மத்தவங்க அவரைக் கிண்டல் பண்ணிட்டு, நடுக்கடல்ல பிரிக்கலாம்னு பிரியாணிப் பொட்டலத்தைப் பத்திரமா வெச்சிருந்தாங்க. இப்பவே சாப்பிடுங்க, ஆட்டம் ஜாஸ்தியானா உள்ள நிக்காதுன்னு கெஞ்சினேன். எவன் கேக்கறான். எரிச்சலோட ஆளாளுக்குத் தூண்டில் குடுத்துட்டு வர்றப்ப நயினாரும் கையை நீட்டினாரு: "எனக்கு முள்ளை எடுத்துட்டு வெறும் கயிறா குடு தம்பி, எல்லாரும் போடறப்ப நான் மட்டும் சும்மா உக்காந்திருந்தா நல்லாருக்காது."

மலையைக் காணோம்

பிரியாணி போன வழியிலயே திரும்பி வந்துச்சு. குமாரு புழுவையெல்லாம் கடல்ல கொட்டிட்டு அந்த டப்பாவுலயே வாந்தி எடுத்தான். தனசேகர் அண்ணனுக்கு வாந்தியை விடப் பெரிய பயம் வேற. செஞ்சியில எந்தத் தெருவுல நின்னாலும் தலையைத் தூக்கினா ராஜகிரிக் கோட்டை மலை தெரியும், அதை வெச்சுத்தான் நாங்க தெசை பாப்போம். இங்க சுத்திலும் ஒண்ணுமே இல்ல. ஊரு எந்தப் பக்கம்னே தெரியலயே, படகைத் திருப்புன்னு கத்த ஆரம்பிச்சாரு. மாசிலாமணி அண்ணன் என் வாயவே பாத்துக்கிட்டிருந்தாரு. நான் சரின்னு சொன்னா என் பொழப்பு அத்தோட முடிஞ்சுது.

கரைப் பக்கமா தூரத்துல ஒரு லைட்டு மினுக்குச்சு. கலங்கரை விளக்கா, வேற படகான்னு எனக்கே தெரியாது. அதோ பாருங்கண்ணே, ராஜகிரி உச்சியில லைட்டு எரியுதுன்னு கூசாம சொன்னேன். தனசேகர் அண்ணன் என்னை நம்பல. நயினார் கையைப் புடிச்சு இழுத்தாரு. "டேய் ஜெயபாலு, நீ பொய் சொல்ல மாட்ட. அது நம்ம மலைதானே?"

பொய்யே சொல்லாத ஒரு மனுஷன் என் டிரிப்புலயா வந்து சேரணும்? எனக்கு அழுகையே வந்துடுச்சு. நயினார் அந்த லைட்டைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு. வெறும் கயித்தைச் சுத்திக்கிட்டே சொன்னாரு: "பொழுது அந்தப் பக்கம்தான் சாஞ்சுது சேகரு. நம்ம ஊரு அங்கதான் இருக்குது. படு."

கரை

அண்ணன் படுத்தாரு, தூங்கியும் போயிட்டாரு. வெளிச்சம் வந்ததும் எழுந்து, படகு ஆளுங்க புடிச்ச வஞ்சிரத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டு போட்டோ எடுத்துக்கிட்டாரு. என் புழு இருந்திருந்தா இதைவிடப் பெருசு மாட்டியிருக்கும்னான் குமாரு. படகு பாதியில திரும்பல, எனக்கு அது போதும்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னேன்.

எல்லாரையும் கரையில எறக்கிட்டு, அடுத்த வாரம் வரலாமான்னு மாசிலாமணி அண்ணன்கிட்ட மெதுவா கேட்டேன். அவர் படகைக் கட்டி முடிச்சுட்டு, வேன் பக்கத்துல நின்ன நயினாரைக் கை காட்டினாரு: "தாராளமா வா, ஆனா அந்த ஆளு வந்தாத்தான் படகு கெளம்பும்."

ஆக, மீனையே தொடாத ஒருத்தர் வீட்டு முன்னாடி வாராவாரம் போய் நின்னு, மீன் புடிக்கப் போலாம் வாங்கன்னு கெஞ்சறதுதான் இப்ப என் தொழிலு.