வெள்ளையாக விட்ட இடம்

சுகாதார அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் ‘கலர் அக்கா’. எந்த வட்டாரத்தில் காய்ச்சல் பரப்பும் உண்ணி இருக்கிறது என்று கணினி வரைபடத்தில் வண்ணம் தீட்டுவது அவள் வேலை. உண்ணி பிடிபட்ட இடம் சிவப்பு, மற்றதெல்லாம் வெள்ளை. அவள் வீடு இருந்த பகுதியும் வெள்ளைதான்.

வீட்டுக்குப் பின்னால் மண்டிக் கிடந்த புதரை அவள் கணவன் ஒருநாள் வெட்டிச் சாய்த்தான். அடுத்த வாரம் அவனுக்கு அனலாய்க் காய்ச்சல் அடித்தது.

“உண்ணி ஏதாவது கடிச்சுதா?” என்று ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்டார்.

அவன் வாயைத் திறப்பதற்குள் இவள் முந்திக்கொண்டாள். “எங்க பக்கம் உண்ணியே கிடையாது டாக்டர். அந்த வரைபடத்தைப் போடுறதே நான்தான்.”

சாதாரணக் காய்ச்சலுக்கு மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். காய்ச்சல் இறங்குவதாக இல்லை. ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துவிடும்போதுதான் அவன் முழங்காலுக்குப் பின்னால் மிளகளவு கருத்த பொருக்கு ஒன்று அவள் கண்ணில் பட்டது. காய்ச்சல் உண்ணி கடித்த இடம் இப்படித்தான் கருத்துப்போகும் என்று அவளுக்குத் தெரியும். கிடைத்த வண்டியில் அவனை ஏற்றிக்கொண்டு மறுபடி ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

“அன்னைக்கு நான் பேசாம இருந்திருக்கணும்,” என்றாள்.

“நானும் காலைப் பார்த்திருக்கணும்மா,” என்ற டாக்டரம்மா மருந்தை மாற்றினார். காய்ச்சல் அதற்குக் கட்டுப்பட்டது. கஞ்சி குடிக்கத் தெம்பு வந்ததுமே அவனுக்குக் கிண்டலும் வந்துவிட்டது.

“விடு. உன் வரைபடத்தை அந்த உண்ணி படிச்சிருக்காது.”

அவளும் சிரித்தாள். ஆனால் மனசு ஆறவில்லை. அலுவலகத்துக்குப் போனதும் அதிகாரியிடம் கேட்டாள். “எங்க பகுதியில எப்ப சார் தேடினாங்க?”

“எங்க தேடினாங்க? ஆளும் இல்லை, வண்டியும் இல்லை. ஆஸ்பத்திரி தகவல் சொன்ன இடத்துக்கு மட்டும் போனோம்.”

“அப்போ வெள்ளைன்னா உண்ணி இல்லைன்னு அர்த்தமில்லையா?”

“பார்க்கலைன்னு அர்த்தம். உனக்குத் தெரியும்னு நினைச்சேன்.”

இத்தனை வருஷம் வண்ணம் தீட்டியவளுக்கு அதைக் கேட்கத் தோன்றியதே இல்லை. அன்றே தேடாத இடங்களையெல்லாம் சாம்பல் நிறமாக்கினாள். வரைபடத்தில் முக்கால்வாசி சாம்பலானது.

“துறை மானம் கப்பலேறிடும்மா,” என்றார் அதிகாரி. பிறகு அவரே, “சரி, கீழே விளக்கமா எழுதிடு,” என்றார்.

‘சாம்பல்: இன்னும் தேடவில்லை. இங்கும் உண்ணி இருக்கலாம்’ என்று எழுதினாள்.

விடுமுறை நாளில் கணவனும் மனைவியும் காலுறைக்குள் கால்சட்டையைச் செருகிக்கொண்டு, உண்ணி ஒட்டுகிறதா என்று வெள்ளைத் துணி ஒன்றை வீட்டுக்குப் பின்னால் புல்மேல் இழுத்துப் பார்த்தார்கள். ஒன்றும் ஒட்டவில்லை.

“இனிமே வெள்ளை போட்டுடலாமா?” என்றான் அவன்.

“ஒருநாள் பார்த்தா போதுமாங்க?” என்று துணியை உதறி மடித்தாள் அவள்.