கிளியோபாத்ராவுக்கு ஓராண்டுத் தடை

ஆக்லாந்தின் த்ரீ கிங்ஸ் சூப்பர் மார்க்கெட்டில் பதினேழு வருடமாகச் செக்அவுட்டில் பில் போடும் இராசமலர், ஒரு ஞாயிறு பிற்பகலில் எகிப்தின் அரசியானாள். விரும்பி ஆனதல்ல. தமிழ்ச் சங்கத்தின் வழக்காடு மன்றத்தில் அரசியாக உட்கார இருந்த ரஷ்மிக்குக் காய்ச்சல். செயலாளர் சதாசிவம் சமையலறைக்குள் எட்டிப் பார்த்தார். வடை சுட்டுக்கொண்டிருந்த இராசமலர்தான் கண்ணில் பட்டாள்.

"தங்கச்சி, நீங்கள் ஒண்டும் கதைக்கத் தேவையில்லை. கூண்டுக்குள்ள இருந்தால் போதும்."

கூண்டு என்பது துணி காயப்போடும் ஸ்டாண்ட். வழக்கு இதுதான்: ஆக்டியம் கடற்போரின் நடுவே அறுபது கப்பல்களோடு எகிப்துக்குத் திரும்பிய கிளியோபாத்ரா, ஆன்டனியைக் கைவிட்டாளா? ஆன்டனியாக வந்தவர் கிளென்ஃபீல்டில் ஐடி வேலை பார்க்கும் தண்டபாணி. குளியல் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "என்னை நடுக்கடல்ல விட்டுட்டுப் போயிட்டாங்க சார்" என்று அவர் விம்மியபோது முன்வரிசையில் இரண்டு பேர் அழுதார்கள்.

அப்போது இராசமலர் கதைத்துவிட்டாள்.

"கப்பலில கஜானா இருந்தது. வீட்டில நாலு பிள்ளையள். ஆளுறதுக்கு ஒரு நாடு. எல்லாத்தையும் அந்தத் தண்ணிக்குள்ள தாழவிடச் சொல்லுறீங்களோ? அவ ஓடேல்ல. முன்னுக்குப் போனவ. அவர் பின்னால வந்தவர்தானே."

தொண்ணூற்றெட்டில், கொழும்பில் அரசாங்க வேலையை விட மனமில்லாமல் கணவர் தவராசா நின்றுவிட, இரண்டு பிள்ளைகளோடு தனியாக ஆக்லாந்துக்கு விமானம் ஏறியவள் அவள். புருஷனை விட்டு ஓடியவள் என்று சொந்தக்காரர்கள் கதைத்தார்கள். இரண்டு வருடம் கழித்து அவர் வந்து சேர்ந்த பிறகும் கதைத்தார்கள். அவள் ஒருநாளும் பதில் சொன்னதில்லை. மூன்றாம் வரிசையில் தவராசா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

நடுவர் இராசநாயகம் தீர்ப்பை வீட்டிலேயே எழுதி வந்திருந்தார். மாற்ற நேரமில்லை, ஸும்பா நடன வகுப்புக்காரர்கள் மண்டபத்துக்காக வாசலில் நின்றார்கள்.

"அரசி குற்றவாளி. ஓராண்டு நாடுகடத்தல்."

சதாசிவம் எதையும் அரைகுறையாக விடாதவர். தீர்ப்பைக் கூட்டக் குறிப்பில் எழுதினார். மறுநாள் காலை இராசமலரைச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்கினார்.

"அது நாடகம்தானே அண்ணை" என்று அவள் போனில் கேட்டாள்.

"ஓம், நாடகம்தான். ஆனால் குறிப்பில ஏறிட்டுது. மாத்திறதெண்டால் செயற்குழு கூடவேணும். இல்லாட்டி ஆன்டனியிட்ட மன்னிப்புக் கேளுங்கோ."

"கேக்கமாட்டன்."

சனிக்கிழமை தண்டபாணி ஒரு முட்டைக்கோசோடு அவளது செக்அவுட்டுக்கு வந்தார். "அக்கா, எனக்கு எந்தப் புகாரும் இல்ல. எழுதியே தர்றேன்." பில்லின் பின்பக்கத்தில், 'நான்தான் பின்னாடி போனேன். தப்பு அவங்க மேல இல்ல. இப்படிக்கு, ஆன்டனி' என்று எழுதிக் கொடுத்தார்.

செயற்குழு அதை ஏற்கவில்லை. ஆன்டனி சங்கத்தின் உறுப்பினர் அல்ல என்றார்கள்.

அன்று மாலையே தவராசா ஒரு கடிதம் அனுப்பினார். மனைவி நாடுகடத்தப்பட்டிருப்பதால் தன்னையும் நீக்கிவிடும்படி கேட்டிருந்தார். சதாசிவம் உடனே நீக்கினார்.

"உங்களை ஆர் கேட்டது?" என்றாள் இராசமலர்.

"போனமுறை ரெண்டு வருசம் பிந்திப் போனன்" என்றார் அவர்.

அவள் தேநீர் போட எழுந்தாள். அவருடைய தேநீரில் வழக்கத்தைவிட ஒரு கரண்டி சீனி கூடப் போட்டாள். டாக்டர் வேண்டாமென்று சொன்ன சீனி.

ஓராண்டு முடிந்த அன்று சதாசிவம் இருவரையும் குழுவில் திரும்பச் சேர்த்தார். இராசமலர் திறந்து பார்த்தாள். நகரின் மேற்கே மாசி என்ற இடத்தில் யாரோ ஒரு சோஃபாவை இலவசமாகக் கொடுக்கிறார்களாம். இருவரும் போய் எடுத்து வந்தார்கள்.