பின்னால் வைத்த அடி

ஓரெஸ்ட் ஹாலுச்சாக்கின் வயிற்றுக்குச் சாப்பாடு போய் ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. ரத்தக்குழாய் அடைத்துச் செத்துப்போன சிறுகுடலைக் கனடாவின் வின்னிபெக் ஆஸ்பத்திரியில் முக்கால்வாசி வெட்டி எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அவருடைய சாப்பாடு நெஞ்சில் பதித்த மெல்லிய குழாய் வழியாக நேரே ரத்தத்தில் இறங்கியது. சாயங்காலமானால் சமையலறை மேசையைத் துடைத்து, கையைக் கழுவிக்கொண்டு, பால்போல வெளுத்த பைக்குள் வைட்டமினையும் தாதுக் கலவையையும் ஊசியால் ஏற்றுவார். துத்தநாகம், செம்பு, செலினியம், மாங்கனீஸ் எல்லாம் இம்மியளவு, ஒரே குப்பியில். "உப்பு, காரம் போட்டாச்சு" என்பார் மகள் லாரிசாவிடம்.

பனிமேல் கனமான கல்லை வழுக்கிவிட்டு ஆடும் கர்லிங் ஆட்டத்துக்கு ஊரில் ஒரு கிளப் உண்டு; அதன் பனித்தளம் அவர் பொறுப்பு. தளம் மழமழவென்று இருந்தால் கல் ஓடாது. முதுகில் தண்ணீர்க் கேனைச் சுமந்து, கைக்குழாயை இடமும் வலமும் வீசித் துளித்துளியாகத் தூவ வேண்டும். துளிகள் உறைந்து பொரிப்பொரியாக நிற்கும். கல் அவற்றின்மேல்தான் வழுக்கிப் போகும். தூவியதை மிதிக்கக் கூடாது என்பதால் பின்னோக்கியே நடக்க வேண்டும். மனைவி போய், குடலும் போன பிறகு, அவரைப் படுக்கையிலிருந்து எழுப்பியது அந்த வேலைதான்.

ஒரு நவம்பரில் தளத்தில் மல்லாக்க விழுந்தார். அடுத்த வாரமும் விழுந்தார். கையும் லேசாக நடுங்கியது.

"பையில விஸ்கி ஏதும் கலக்குறியாடா?" என்று கிளப் தலைவர் டெல்மர் கேட்டார்.

"கலந்தா உனக்குத் தராம ஏத்துவேனா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் வாசலில் லாரிசாவை நிறுத்தி டெல்மர் சொன்னது வேறு: அடுத்த அக்டோபருக்குள் கால் நிலைக்காவிட்டால் கேனை வேறு ஆளிடம் கொடுக்க வேண்டிவரும்.

நரம்பு மருத்துவர் பார்க்கின்சன் என்றார். மாத்திரை கேட்கவில்லை. குடல் இல்லை, மருந்து ஏறவில்லை என்றார்கள். எல்லோருக்கும் அது நியாயமாகவே பட்டது.

லாரிசா ரயில்பெட்டித் தொழிற்சாலையில் வெல்டிங் சோதகர். அப்பா முன்னால் நடக்கும்போது தடுமாறுவதில்லை, பின்னால் அடிவைத்தால்தான் சாய்கிறார் என்பதைக் கவனித்தாள். வெல்டிங் புகையில் வரும் மாங்கனீஸ் மூளையில் படிந்தால் ஆள் பின்பக்கமாக விழுவான் என்று பாதுகாப்பு வகுப்பில் படித்திருந்தாள். அப்பா வெல்டிங் பக்கமே போனதில்லை. ஆனால் அந்தக் குப்பி இருந்தது.

ஊட்டச்சத்துப் பிரிவின் மருத்துவர் அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார். ரத்தமும் ஸ்கேனும் எடுத்தார்கள். மூளையின் ஆழத்தில் இரண்டு பக்கமும் மாங்கனீஸ் படிந்து வெள்ளையாகத் தெரிந்தது. வாயால் சாப்பிட்டால் குடல் அதைக் கொஞ்சம்தான் உள்ளே விடும். குழாயில் போனால் அந்தக் காவல் இல்லை. வெளியேற வேண்டியது பித்தநீர் வழியாக. அவருக்கோ இரண்டு வருஷமாகவே ஈரல் கெட்டு, பித்தம் தேங்கியிருந்தது.

"எல்லாருக்கும் ஒரே குப்பிங்கறது வழக்கம்" என்றார் மருத்துவர். "உங்களுக்கு எப்பவோ மாத்தியிருக்கணும். நாங்க பாக்கல."

"மொத்தமா நிறுத்திடலாமே?" என்றாள் லாரிசா.

அது முடியாது என்றார். துத்தநாகம் இல்லாவிட்டால் தோல் வெடிக்கும், செம்பு இல்லாவிட்டால் ரத்தம் குறையும், செலினியம் இல்லாவிட்டால் இதயம் தளரும். இனி ஒவ்வொன்றும் தனித்தனிக் குப்பி, செம்பு மட்டும் ரத்தம் பார்த்துக் குறைவாக, மாங்கனீஸ் கிடையாது.

"கால் திரும்ப வருமா?" என்று ஓரெஸ்ட் கேட்டார்.

"இதுக்கு மேல மோசமாகாதுன்னு நினைக்கிறேன். வரும்னு சொல்ல முடியாது."

கோடை முழுவதும் கொல்லைப்புறத்து வேலியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்து பழகினார். கை நடுக்கம் அடங்கியது. கால் பாதிதான் வந்தது.

அக்டோபரில், ஆட்டம் தொடங்கும் நாள் காலை, தளத்தில் கல் ஓடும் நான்கு பாதைகள் துளி தூவக் காத்திருந்தன. லாரிசா பின்னால் நின்று அவர் இடுப்புப் பட்டையைப் பிடிக்கப் போனாள்.

"விடு. நீ பிடிச்சுக்கிட்டா நான் நிக்கிறேனா இல்லையான்னு எனக்கே தெரியாது."

முதல் பாதையை முடித்தார். இரண்டாவதில் பாதியில் ஒருமுறை சாய்ந்து, நின்று, மூச்சு வாங்கி, மீண்டும் அடிவைத்து முடித்தார். மூன்றாவதைத் தொடங்கும் இடத்தில் கேனை இறக்கி டெல்மரிடம் நீட்டினார்.

"மீதி உனக்கு. இதுக்கு மேல நடந்தா விழுவேன். விழுந்தா தளம் கெட்டுடும்."

டெல்மர் கேனை மாட்டிக்கொண்டார். வேறு ஆள் தேடும் பேச்சு அதோடு நின்றது.

ஜனவரியில் குழாய் வழியாக ரத்தத்தில் இறங்கிய கிருமி ஓரெஸ்டைக் கொண்டுபோனது. அதுவரை வாராவாரம் இரண்டு பாதைகள் அவருடையவை. ஒருமுறைகூட விழவில்லை.