அக்கா சொன்ன ஒற்றையடித் தடம்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் ஊராருக்கும் அக்காவை அறிந்த நண்பர்களுக்கும் தம்பியின் வணக்கம். அக்கா கண்மூடி ஓராண்டு நிறைகிறது. இப்படிப்பட்ட மலரில் மறைந்தவரின் பெருமைகளை எழுதுவார்கள். நானும் அதற்குத்தான் உட்கார்ந்தேன். இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் கிழித்துப் போட்டேன். அக்காவைப் பற்றி எதை எழுதத் தொடங்கினாலும் நான் செய்த ஒரு காரியத்தில் போய் முட்டி நிற்கிறது. அதைச் சுற்றிக்கொண்டு போக எனக்கு மனம் வரவில்லை. அதனால் அதையும் எழுதிவிடுகிறேன். படித்த பிறகு என்னோடு பேசப் பிடிக்காதவர்கள் பேச வேண்டாம். நான் குறைப்பட்டுக்கொள்ள மாட்டேன்.

அக்கா பிறந்தது இந்த மலையூரில்தான். தேன்கனிக்கோட்டைக்குத் தெற்கே, மலையின் பாதி உயரத்தில் இருக்கிற நாற்பது வீட்டு ஊர். அம்மா இறந்தபோது அக்காவுக்குப் பதினொரு வயது, எனக்கு மூன்று. அன்றிலிருந்து எனக்குக் களி கிளறிப் போட்டதும் தலையில் எண்ணெய் வைத்ததும் அவர்தான். பதினாலு வயதில் கெலமங்கலம் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்தில் கட்டிக் கொடுத்தார்கள். மாமா சாது. மூன்றாம் வருடமே மலைக்காய்ச்சல் அவரைக் கொண்டுபோய்விட்டது. அக்கா வெள்ளைச் சேலையோடு திரும்பி வந்து, அப்பாவின் மாடுகளை ஓட்டிக்கொண்டு மலைமேல் போக ஆரம்பித்தார். அந்த மாடுகளின் நெய்யை விற்றுத்தான் என்னைக் கிருஷ்ணகிரியில் விடுதியில் சேர்த்துப் படிக்க வைத்தார். நான் சட்டை போட்ட மனிதன் ஆனது அப்படித்தான்.

மாடு மேய்த்த வருடங்களில் அக்காவுக்கு மலை முழுவதும் பாடமாகிவிட்டது. ஊருக்கு மேலே ஒரு நாழிகை நடந்தால் இரண்டு வீரக்கற்கள் நிற்கின்றன. ஒன்றில் புலியைக் குத்தும் வீரன், இன்னொன்றில் மாடுகளை மீட்டு வந்து செத்தவன். அதற்கும் மேலே பாறைச் சரிவில்தான் குள்ளர் வீடுகள். நான்கு பக்கமும் பலகைக்கல் நிறுத்தி, மேலே ஒரு பெரிய பலகைக்கல் மூடி, முன்பக்கம் வட்டமாக ஒரு துவாரம் விட்டு, ஐம்பது அறுபது வீடுகள் இருக்கும். யார் கட்டியது, எந்தக் காலம் என்று யாருக்கும் தெரியாது. ஒரு முழ உயரமுள்ள ஜனங்கள் அங்கே வாழ்ந்தார்கள் என்றும், வானத்திலிருந்து நெருப்பு மழை பெய்யப் போகிறது என்று பயந்து கல்லுக்குள் புகுந்துகொண்டார்கள் என்றும் இங்கே சொல்வார்கள். அங்கே போனால் காய்ச்சல் வரும் என்று ஊரில் மற்றவர்கள் வீரக்கல்லைத் தாண்ட மாட்டார்கள். அக்காவோ அந்தக் கல்வீடுகளின் நிழலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுவிட்டு வருவார்.

எப்போதாவது கீழேயிருந்து யாராவது பார்க்க வருவார்கள். கிருஷ்ணகிரி வாத்தியார்கள் வந்திருக்கிறார்கள், பெங்களூரிலிருந்து கல்லூரி மாணவர்கள் வந்திருக்கிறார்கள். எல்லோரையும் கூட்டிப் போவது அக்காதான். வந்தவரின் காலைத்தான் முதலில் பார்ப்பார். செருப்பு மெல்லிசாக இருந்தால் வழியிலுள்ள சுனை வரைக்கும்தான், தடிப்பாக இருந்தால் குள்ளர் வீடு வரைக்கும். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் சரளமாகக் கிண்டல் செய்வார். குள்ளர்களுக்குக் காலில் ஆறு விரல் என்று ஒரு வாத்தியாரிடம் சொல்லிவிட்டார். அவர் அதை நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டபோது அக்கா சிரிப்பை அடக்க முடியாமல் மாட்டை விரட்டுவதுபோல அப்பால் போய்விட்டார். கோபமும் உண்டு. களியில் கட்டி இருக்கிறது என்று நான் சொன்னால் தட்டை எடுத்துக்கொண்டுபோய் நாய்க்கு வைத்துவிடுவார்.

சுதந்திரம் வந்து நாலைந்து வருடம் கழித்து நான் பஞ்சாயத்துத் தலைவரானேன். ஊருக்கு அப்போது ஒரே ஒரு குறைதான். அடிவாரத்திலிருந்து வண்டிப்பாதை கிடையாது. ராகி, புளி, அவரை எல்லாம் தலைச்சுமையாகத்தான் கெலமங்கலம் சந்தைக்குப் போகும். நோயாளியையும் பிள்ளைத்தாய்ச்சியையும் கட்டிலில் வைத்து மூன்று மணி நேரம் தூக்கி இறக்க வேண்டும். நான் விடாமல் மனு எழுதினேன். கடைசியில் சேலத்திலிருந்து ஓர் அதிகாரி வருவதாகச் செய்தி வந்தது. மலையில் வெளியூர்க்காரர்கள் வந்து பார்க்கத் தக்கவை இருந்தால், அவற்றைக் காரணம் காட்டிப் பாதைக்கு எழுதலாம் என்று அதில் இருந்தது. குள்ளர் வீடுகளைக் காட்டிவிட்டால் பாதை வந்துவிடும் என்று ஊரே நம்பியது.

அதிகாரி முந்தின நாளே வந்து கோயில் சாவடியில் தங்கினார். மறுநாள் காலை கிளம்புவதற்கு நான் செய்த ஏற்பாடுகளை நினைத்தால் இப்போது காது மடல் சுடுகிறது. மாலை, மேளம், எதிரே நிறைகுடத்தோடு வர இரண்டு சுமங்கலிகள். அக்காவை மாட்டுக் கொட்டகையில் இருக்கச் சொன்னேன். யாரும் என்னிடம் அப்படிக் கேட்கவில்லை. நல்ல காரியத்துக்குக் கிளம்பும்போது வெள்ளைச் சேலை எதிரே வரக்கூடாது என்று படித்த எனக்குத் தானாகவே தோன்றியது. "வழி யாரு காட்டறது?" என்று அக்கா கேட்டார். நானே காட்டுகிறேன் என்றேன். நான் அங்கே போயிருந்தது இரண்டே முறை. அக்காவின் முதுகைப் பார்த்துக்கொண்டு போனது.

மேளம் கொட்டிக் கிளம்பினோம். நிறைகுடப் பெண்கள் எதிரே வந்தார்கள். அவர்களுக்குப் பின்னாலேயே, கொட்டகையிலிருந்து அக்கா வேகமாக வந்தார். அத்தனை பேர் முன்னால் என்னை நிறுத்திச் சொன்னார்.

"தம்பி, வீரக்கல்லாண்ட தடம் ரெண்டாப் பிரியும். அகலமா இருக்கறது யானைத் தடம். அதுல போவாத. முள்ளு கிழிச்சாலும் ஒத்தையடியில போ."

எனக்கு வந்த ஆத்திரத்தில் தலையைக்கூட ஆட்டவில்லை. கையை வீசி, தள்ளிப் போ என்று காட்டினேன். அக்கா ஓரமாக ஒதுங்கி நின்றார். மேளக்காரர்கூட அடிப்பதை நிறுத்திவிட்டார்.

ஊரார் வீரக்கல்லோடு நின்றுவிட்டார்கள். அதிகாரியும் அவருடைய குமாஸ்தாவும் கீழேயிருந்து வந்த இரண்டு சுமைக்காரர்களும் நானும் மட்டும் மேலே ஏறினோம். கற்களைத் தாண்டி ஒரு வளைவில், அக்கா சொன்னது போலவே தடம் பிரிந்தது. ஒன்று வண்டியே போகலாம் போல அகலமாக, சுத்தமாக இருந்தது. இன்னொன்று முட்புதருக்குள் குனிந்து நுழைய வேண்டிய ஒற்றையடி. அதிகாரி வெள்ளைக் கால்சட்டை போட்டிருந்தார். அவரை முள்ளுக்குள் குனியச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. அத்தோடு, அக்கா எல்லோர் முன்னாலும் சொன்னதை அப்படியே செய்ய என் தலைவர் பதவி இடம் கொடுக்கவில்லை. அகலத் தடத்தில் திரும்பினேன். முக்கால் மணி நேரத்தில் அது ஒரு சேற்றுக்குட்டையில் போய் நின்றது. ஆவி பறக்கிற யானை லத்தி கிடந்தது. மூங்கிலுக்குப் பின்னால் கிளை முறியும் சத்தம் கேட்டதும் குமாஸ்தா ஓட்டம் பிடித்தார். பிறகு எல்லோரும் ஓடினோம்.

அதிகாரி கண்ணியமானவர். ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அன்றே கீழே இறங்கிவிட்டார். இரண்டு மாதம் கழித்து, குறிப்பிடத்தக்கது எதுவும் காணப்படவில்லை என்று கடிதம் வந்தது. அவர் கண்டது அவ்வளவுதான், அவரைக் குறை சொல்ல ஏதுமில்லை.

வீரக்கல்லில் காத்திருந்தவர்கள் எங்களைப் பார்த்து என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். தடம் மாறிப் போய்விட்டேன் என்று சொல்ல வேண்டியவன் நான். "கெளம்பறப்பவே சகுனம் சரியில்ல" என்றேன். பேர் சொல்லவில்லை. சொல்ல அவசியமும் இருக்கவில்லை, எல்லோரும் பார்த்திருந்தார்கள்.

மறுநாள் காலையில் அக்கா முற்றத்தில் ராகி புடைத்துக்கொண்டிருந்தார். அதற்குள் ஊர்ப்பேச்சு அவர் காதுக்கு வந்திருக்கும். ஆனாலும் கோபமாகக் கேட்கவில்லை.

"எந்தத் தடத்துல திரும்புன?"

"நீ சொன்ன ஒத்தையடியிலதான்."

"அதுல யானை வராதே. பாறைச் சந்து, ஒடம்பு நொழையாதே."

"வந்துச்சே."

முறம் நின்றது.

"அப்ப என் மொகந்தான் போல" என்றார்.

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். ஒரு வாக்கியம் போதும். அகலத் தடத்தில் போனேன் என்று சொல்லியிருந்தால், முட்டாள் என்று என்னைத் திட்டிவிட்டு, நாலு நாள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பார். நான் சட்டையை மாட்டிக்கொண்டு பஞ்சாயத்து வேலையைப் பார்க்கப் போனேன்.

ஊர் சொன்னதை அக்கா பொருட்படுத்தாமல் விட்டிருப்பார், அந்த அலட்சியம் அவருக்கு உண்டு. ஆனால் தம்பி சொன்ன பொய்யைத் தன் மலை அறிவோடு வைத்துப் பார்த்தார். யானை வரவே முடியாத தடத்தில் யானை வந்திருக்கிறது என்றால் அது தன்னால்தான் என்று நம்பிவிட்டார். அதன்பிறகு வாசலைத் தாண்டுமுன் உள்ளேயே நின்று, "யாராச்சும் கெளம்பறீங்களா?" என்று குரல் கொடுப்பார். இல்லை என்று பதில் வந்த பிறகே வெளியே வருவார். சந்தை நாளில் சுமைகள் இறங்கிப் போய் முடியும் வரைக்கும் தண்ணீருக்குப் போக மாட்டார். என் மகள் கல்யாணத்தன்று கொட்டகையில் இருந்தார். நான் போய்க் கூப்பிட்டேன். வரவில்லை. நான் கூப்பிட்ட தோரணையும் வராமல் இருந்தால் நல்லது என்பதுபோலத்தான் இருந்தது. வெளியூர்க்காரர்கள் வந்தால், வழி மறந்து போச்சு என்று சொல்லி அனுப்பிவிடுவார். அந்தக் கல்வீடுகளைப் பிறகு யாரும் போய்ப் பார்க்கவில்லை.

இப்படி ஆறு வருடம் போயிற்று. அந்த ஆறு வருடமும் ஒரே வீட்டில் அவர் கையால் சாப்பிட்டேன். சொல்லிவிடலாம் என்று பல நாள் நினைத்தேன். நாள் ஆக ஆக, இவ்வளவு காலம் ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி வருமே என்று பயந்தேன். பாதை வராத கோபமும் ஊரில் ஆறவில்லை. அது என் தலையில் விழாமல் அக்காவின் தலையில் விழுந்தது எனக்குச் சௌகரியமாக இருந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதாமல் இருந்தால் அதைவிட வெட்கம்.

சென்ற ஐப்பசியில் அக்காவுக்கு வயிற்றில் வலி கண்டது. மூன்றாம் நாள் கஞ்சி தங்கவில்லை. கட்டிலில் படுக்க வைத்து, இரண்டு பக்கமும் மூங்கில் கட்டி, நான்கு பேர் தூக்கிக்கொண்டு இறங்கினோம். அடிவாரத்தில் வண்டி சொல்லி வைத்திருந்தோம். அங்கிருந்து தேன்கனிக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போவதாக ஏற்பாடு. மழை பெய்து மண் வழுக்கியது. அக்கா வலியைக் காட்டிக்கொள்ளவில்லை. பாதி வழியில் கீழேயிருந்து பேச்சுக்குரலும் பெண்கள் சிரிப்பும் வளையல் சத்தமும் கேட்டன. பக்கத்து மலையூர் ஒன்றில் ஒரு பெண்ணை நிச்சயம் செய்யத் தட்டுகளோடு ஏறி வருகிறவர்கள் என்று தெரிந்தது. அக்கா என் கையைப் பிடித்தார்.

"தம்பி, எதுக்க ஆளுங்க வராங்க. நல்ல காரியத்துக்குப் போறாங்க போல. துணிய எடுத்து என் மொகத்து மேல போட்டுடு."

நான் போட்டேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். தொண்டை வரைக்கும் வந்தது. தூக்குகிறவர்கள் நால்வரும் கேட்டுக்கொண்டிருக்கிறார்களே என்று விழுங்கிக்கொண்டேன்.

உதவியவர்களுக்கு நன்றி சொல்லித்தான் இந்த மலரை முடிக்க வேண்டும். கட்டில் தூக்கிய நால்வருக்கும், மழையில் வண்டியோடு காத்திருந்த அடிவாரத்து நண்பருக்கும், காரியங்களுக்குக் கூட நின்ற ஊராருக்கும் நான் கடமைப்பட்டிருக்கிறேன். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காக இந்தக் கட்டுரையை நினைவு நாளன்று கோயில் சாவடியில் நானே உரக்கப் படிப்பேன். தடம் மாறிப் போனது நான்தான் என்று சேலத்துக்கும் எழுதிப் போட்டிருக்கிறேன். அக்காவின் முகத்தில் எந்தக் குற்றமும் இல்லை.

இன்னும் ஒரு நன்றி பாக்கி. எதிரே வந்த அந்த நிச்சயதார்த்த வீட்டாரின் பேர்கூட அன்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. எங்களைப் பார்த்ததும் அவர்கள் ஒதுங்கவில்லை. பூவும் பழமும் வைத்த தட்டுகளைப் புளியமரத்தடியில் இறக்கி வைத்தார்கள். எங்கள் ஆட்கள் களைத்திருந்ததைப் பார்த்து, மாப்பிள்ளையாகப் போகிறவர் உட்பட நான்கு இளைஞர்கள் மூங்கிலைத் தங்கள் தோளுக்கு மாற்றிக்கொண்டார்கள். அவர்கள் வீட்டு மூத்த சுமங்கலி ஒருவர், "மெல்ல நடங்கப்பா, அம்மாவுக்கு வலிக்கும்" என்று சொல்லிக்கொண்டே, அக்காவின் பாதங்களைத் தன் முந்தானையால் மூடிப் பிடித்தபடி அடிவாரம் வரைக்கும் கூட நடந்தார். அங்கே கட்டிலை இறக்கி நான் துணியை விலக்கியபோது உயிர் இல்லை. தங்கள் நல்ல நாளைக் கீழே வைத்துவிட்டு அவரை எத்தனை பேர் தாங்கி வந்தார்கள் என்பதை அக்கா பார்க்கவில்லை. அவர் கண்ணை மறைத்துத் துணி போட்டது நான்.