ஐயா கொண்டுபோன போத்தல் தண்ணீர்

நீங்கள் பீலிக்கு இறங்கவே இல்லை, ஐயா. தண்ணீரைச் சோதிக்கப் பதுளையிலிருந்து வந்த அதிகாரி நீங்கள். அது விழுகிற இடத்தைப் பார்க்காமலே திரும்பிப் போனீர்கள்.

எங்கள் தோட்டம் பசறைக்கு மேலே. தொண்ணூறுகளின் நடுவில் எனக்கு எட்டு வயது. தேயிலைத் தொழிற்சாலைக்குக் கீழே, தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயம். அதற்கும் கீழே, ஊற்றுத் தண்ணீர் குழாய் வழியாக விழும் பீலி. தொழிற்சாலையின் பின்புறத்தில் இயந்திரங்களின் எண்ணெய்ப் பிசுக்கை ஏதோ ஒரு மருந்தில் கழுவி, மிச்சத்தைச் சரிவில் கொட்டுவார்கள். சில மாதங்களாகப் பீலித் தண்ணீரில் ஓர் இனிப்பு வாசம் வந்துகொண்டிருந்தது.

அதை முதலில் வாய்விட்டுச் சொன்னவள் சித்தி. அம்மாவின் தங்கை, எங்களோடுதான் இருந்தாள். கொழுந்து பறித்துவிட்டு வரும்போது பீலியில் கையேந்தி வயிறு முட்டக் குடிப்பாள். அவளுக்குத் தலைச்சுற்றல், வாந்தி. கண்ணும் மஞ்சளிக்கத் தொடங்கியிருந்தது. ஒருநாள் காலை, வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் நின்று, "தண்ணி மணக்குதுங்க" என்றாள்.

"ராணியம்மா குளிக்க தொரை செண்டு ஊத்தியிருக்காரு" என்றார் கங்காணி. எல்லோரும் சிரித்தார்கள். சித்தி பஸ் ஏறிப் பதுளைக்குப் போய் உங்கள் கந்தோரில் சொன்னாள். அதனால்தான் நீங்கள் வந்தீர்கள்.

நீங்கள் வரும் செய்தி முதல் நாளே லயத்துக்கு வந்துவிட்டது. அம்மா காலையிலேயே ஒரு பானைத் தண்ணீரைக் கொதிக்க வைத்தாள். மழைக்காலம், காய்ந்த விறகு கிடைக்காது. நாங்கள் குடிப்பது பச்சைத் தண்ணீர்தான். ஆனால் பதுளை ஐயாவுக்குப் பச்சைத் தண்ணீர் கொடுப்பது மரியாதைக் கேடு. தோட்டத்து மருத்துவிச்சிக்குப் பச்சைத் தண்ணீர் கொடுத்து அம்மா ஒருமுறை ஏச்சும் வாங்கியிருக்கிறாள். நான் அடுப்படியில் குந்தியிருந்தேன். ஆவியோடு அந்த இனிப்பு வாசம் வீடு முழுக்க எழுந்தது. அம்மா பலகாரம் செய்கிறாள் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

நீங்கள் குடையோடு வந்தீர்கள். சித்தி கொழுந்து பறிக்கப் போயிருந்தாள்.

"பீலி இன்னும் கீழையோ? அட்டை கடிக்கும் போல கிடக்கு. வீட்டில இருக்கிற தண்ணியில ஒரு போத்தல் தாங்கோ, காணும்."

"கொதிக்க வச்சு ஆற வச்சிருக்கேங்க ஐயா" என்றாள் அம்மா.

"நல்ல பழக்கம், தங்கச்சி" என்றீர்கள். அதையே போத்தலில் ஊற்றிக்கொண்டு போனீர்கள்.

பிறகு ஒருநாள் பெரட்டில் கணக்கப்பிள்ளை அறிவித்தார்: தண்ணீர் சுத்தம்.

"தண்ணிய இல்ல புள்ள, ஒம் மூக்கத்தான் பதுளைக்கு அனுப்பணும்" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்ததாம்.

சித்தி வீட்டுக்கு வந்து கூடையை இறக்காமலே கேட்டாள்: "எந்தத் தண்ணியக்கா குடுத்த?"

"கொதிக்க வச்சதுதான். ஐயாவுக்குப் பச்சத் தண்ணியவா குடுப்பேன்?"

"அதையாக்கா நான் குடிக்கிறேன்?"

மறுபடியும் பதுளைக்குப் போனாள். முடிவு வந்தாயிற்று, போ என்று அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு அவள் பெரட்டில் வாய் திறக்கவில்லை. அதே பீலியில்தான் குடித்தாள். வேறு தண்ணீர் எங்கே இருந்தது? அடுத்த வருடம் வயிறு வீங்கி ஆஸ்பத்திரியில் செத்துப்போனாள்.

அந்தத் தண்ணீர்தான் அவளைக் கொன்றது என்று நான் சொல்லமாட்டேன். எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஒரு வழி இருந்தது. அதை நீங்கள் அட்டைக்குப் பயந்து கெடுத்தீர்கள்.

வளர்ந்தபின் கொழும்புப் பக்கம் ஓர் உடுப்புத் தொழிற்சாலையில் கறை எடுக்கும் பகுதியில் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் நாள் ஒரு போத்தலைத் திறந்தேன். அதே இனிப்பு வாசம். "மூடிய போடு! சும்மா வச்சாலே பறந்துரும்" என்று மேற்பார்வையாளர் கத்தினார். மூடியை இறுக்கினேன். அன்று எங்கள் அடுப்படியில் பறந்துபோனது பலகார வாசம் இல்லை, நீங்கள் தேடி வந்த மருந்து.

அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. நம் வீட்டுத் தண்ணீரைப் பதுளையில் சுத்தம் என்றார்கள் என்று இன்றைக்கும் பெருமையாகச் சொல்கிறாள்.

ஐயா, நான் இதை எழுதும் இந்தப் பத்திரிகை உங்கள் வீட்டுக்கும் வரும். கொதித்த தண்ணீர் என்று காதால் கேட்டும் ஏன் எடுத்தீர்கள்? எனக்குத் தனியாகக் கடிதம் எழுத வேண்டாம். எல்லோர் முன்னாலும்தான் சித்தி பொய்க்காரி ஆனாள். எல்லோர் முன்னாலும் பதில் சொல்லுங்கள்.