அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது

இந்த நாட்டில் பெற்ற பிள்ளையின் அறைக்குள் போவதற்கும் கதவைத் தட்ட வேண்டும். வந்த புதிதில் எனக்கு இது சிரிப்பாக இருந்தது. மயிலாப்பூரில் நாங்கள் ஐந்து பேர் குடியிருந்த போர்ஷனில் தாழ்ப்பாள் போட முடிந்த ஒரே இடம் குளியலறைதான். அம்மா மிளகாய் தாளிக்கும் நெடியில் தும்மிக்கொண்டேதான் டாக்டருக்குப் படித்தேன். இப்போது இங்கிலாந்தில், பயிற்சி மருத்துவர்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் நானும் ஒருத்தி. நேர்முகம் முழுக்க வீடியோவில். அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது என்பது முதல் விதி. லேப்டாப்பைச் சுற்றிக் காட்டச் சொல்வோம். ஆளுக்கொரு அறை இருக்கும் என்று நம்புகிறவர்கள் எழுதிய விதி அது.

போன வாரம் ஒரு பெண் லேப்டாப்பைச் சுற்றினாள். ஜன்னலுக்கு வெளியே படகுகள், அப்பால் சாந்தோம் மாதா கோயிலின் வெள்ளைக் கோபுரம். மயிலாப்பூரில் எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போகும் தூரம். அடுத்து ஒரு கட்டில், அதில் ஒரு கிழவர். "என் அப்பா. பக்கவாதம். வேறு அறை கிடையாது" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். என்னோடு குழுவில் இருந்த ரிச்சர்ட், "லவ்லி, தேங்க் யூ" என்று சிரித்துக்கொண்டே அதைக் குறித்துக்கொண்டார். இங்கே கழுத்தை அறுக்கும்போதும் லவ்லி என்பார்கள். அவள் அனுமதி கிடைத்ததாக நினைத்து நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

கேள்வி கருணையைப் பற்றியது. பயந்துபோன நோயாளி உங்கள் கையை விட மறுக்கிறார், உங்களுக்கோ அவசர வேலை, என்ன செய்வீர்கள்? "முதலில் பக்கத்தில் உட்காருவேன்" என்று தொடங்கினாள். பின்னால் இருமல் கேட்டது. பிறகு மூச்சு திணறும் சத்தம். திரையை ஒரு முறை பார்த்தாள், எழுந்து போய்விட்டாள். எங்களுக்குச் சுவர் மட்டும் தெரிந்தது.

"இன்னா நைனா, இப்டித் திரும்பு. துப்பு, துப்பு. பயப்படாத, நான் இங்கதான் கீறேன்."

கடிகாரம் ஓடிக்கொண்டே இருந்தது. ஈரக் கையோடு அவள் திரும்பி வந்தபோது நேரம் முடிந்திருந்தது. "லவ்லி" என்றார் ரிச்சர்ட். அவளும் சிரித்தாள்.

திரை அணைந்ததும், "யாருடனோ உங்கள் மொழியில் பேசினாளே, விடை கேட்டாளா?" என்றார். அப்பாவுக்குப் புரையேறியது, துப்பச் சொன்னாள் என்று விளக்கினேன். "பாவம்" என்றார். உண்மையாகவே வருந்தினார், எனக்கு ஒரு பிஸ்கட்டும் நீட்டினார். ஆனால் விதி எல்லோருக்கும் ஒன்றுதானே, பதில் வரவில்லையே என்றார். கருணைக்கு அவர் பூஜ்யம் போட்டார். என் ஊர்ப்பாசம் என்று பேச்சு வரும் என்று பயந்து நானும் பூஜ்யம் போட்டேன். அடுத்த முறை அவள் விண்ணப்பிக்கலாம். அதற்குள் அவள் அப்பா போய்விட்டால் அறையும் விதிப்படி காலியாகிவிடும்.

சாயங்காலம் மயிலாப்பூரிலிருந்து அம்மா வீடியோவில் வந்தாள். அப்பா போனபின் அதே போர்ஷனில் தனியாகத்தான் இருக்கிறாள்.

"பக்கத்துல யாருடி இருக்காங்க?"

"யாரும் இல்லம்மா." போனைச் சுற்றிக் காட்டினேன். சோபா, விளக்கு, சாத்திய கதவு.

"இங்க மட்டும் யாரு இருக்கா, பாரு" என்று அம்மாவும் தன் போனைச் சுற்றினாள். நாங்கள் ஐந்து பேர் படுத்த இடத்தில் ஒரு பாய் மட்டும் விரித்திருந்தது. பாயை நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அம்மா இரும ஆரம்பித்தாள்.