நோர்வேக்கு நான் போட்ட ஓட்டு

சின்னப் பிள்ளைதானே, தெரியாமல் செய்தது என்று யாராவது ஆறுதல் சொல்ல வந்தால் எனக்குக் கோபம்தான் வரும். எனக்குப் பத்து வயது. அந்தப் போனைத் தொடக்கூடாது என்பது நன்றாகவே தெரியும்.

2009 மே மாதம். நோர்வேயை விட்டு லண்டனுக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. அம்மாவின் தம்பி, என் மாமா, வன்னியில் சண்டைக்குள் அகப்பட்டிருந்தார். யாரிடமாவது போன் கிடைத்தால் முதலில் லண்டன் செவன் கிங்ஸ் பகுதியில் இருந்த எங்கள் வீட்டுக்குத்தான் எடுப்பார். அதனால் வீட்டுப் போனில் யாருடனும் கதைக்கக்கூடாது என்று அம்மா சட்டம் போட்டிருந்தார். சொந்தக்காரர் எல்லாரும் கைபேசிக்குத்தான் எடுக்க வேண்டும். மூன்று கிழமையாக மாமாவிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. அப்பா வேலை முடிந்ததும் போரை நிறுத்தச் சொல்லிப் பாராளுமன்றத்துக்கு முன்னால் நடந்த போராட்டத்துக்குப் போய்விடுவார். அம்மா போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு சோபாவிலேயே கிடந்தார்.

எனக்கு எல்லாம் அலுத்துவிட்டது. அதுதான் உண்மை. டிவியில் செய்தி மட்டும். சிரித்தால் முறைப்பார்கள்.

அந்தச் சனிக்கிழமை ஐரோப்பிய நாடுகளின் பாட்டுப் போட்டி. நோர்வேயில், பேர்கனில் இருந்த என் சிநேகிதி இரண்டு நாளாகக் கணினியில் எனக்கு எழுதிக்கொண்டே இருந்தாள். அந்தப் போட்டியில் யாரும் தன் நாட்டுக்கு ஓட்டுப் போட ஏலாது. நோர்வேயில் இருப்பவர்கள் நோர்வேக்குப் போட முடியாது, லண்டனில் இருக்கும் நான் போடலாம். நீதான் போட வேண்டும் என்றாள். அந்த வீட்டில் ஒன்றுக்கும் உதவாமல் இருந்த எனக்கு அது பெரிய பதவி மாதிரி இருந்தது.

அம்மா களைத்துத் தூங்கிவிட்டார். நான் கம்பியில்லாத அந்த வீட்டுப் போனை எடுத்துக்கொண்டு மேலே போனேன். அறையில் இருந்த சின்ன டிவியைச் சத்தமில்லாமல் போட்டேன். பாட்டுகள் முடிந்ததும் ஓட்டுப் போட எடுக்க வேண்டிய போன் நம்பர்கள் திரையில் வந்தன. ஓட்டுப் போடப் பதினைந்து நிமிடம்தான். ஒருமுறை போட்டால் போதும் என்றுதான் தொடங்கினேன். ஓட்டுக்கு நன்றி என்றது ஒரு பெண் குரல். அந்த மாதத்தில் எனக்கு நன்றி சொன்ன ஒரே ஆள் அந்த மெஷின்தான். நேரம் முடியும்வரை அதே நம்பரைத் திரும்பத் திரும்ப எடுத்தேன்.

ஒரு நாட்டில் எத்தனை பேர் ஓட்டுப் போட்டாலும் கடைசியில் ஒரு பாட்டுக்குப் பன்னிரண்டு புள்ளிக்கு மேல் போகாது. அதிலும் பாதி நடுவர்கள் கையில். இதெல்லாம் பிறகு படித்தது. நோர்வே மற்றவர்களை எங்கேயோ விட்டுவிட்டு வென்றது. நான் எடுக்காவிட்டாலும் வென்றிருக்கும்.

புள்ளிகள் வாசித்து முடிவதற்குள் போனை இருந்த இடத்தில் வைத்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் அம்மாவின் கைபேசி அடித்தது. டொரொண்டோவில் இருக்கும் சித்தி. அழுது கத்தியதில் படியில் நின்ற எனக்கே கேட்டது.

"அக்கா, தம்பி எடுத்தவன். ஒரு நிமிசம்தான் கதைச்சவன். உங்களுக்கு மூண்டு தரம் அடிச்சுப் பாத்தவனாம், லைன் என்கேஜ்டாம். அக்காவோட கதைக்க ஏலாமப் போச்சு எண்டு அழுதவன்."

அம்மா வீட்டுப் போனை எடுத்துக் காதில் வைத்தார். பழுதோ என்று பார்த்தார். பிறகு கடைசியாக எடுத்த நம்பரைத் திரும்ப எடுக்கும் பொத்தானை அமத்தினார். ஓட்டுப் போடும் நேரம் முடிந்துவிட்டது என்று அதே பெண் குரல் இங்கிலீஷில் சொன்னது. அம்மா அதை முழுக்கக் கேட்டார். என்னைப் பார்த்தார். போனை வைத்தார்.

போராட்டத்திலிருந்து கொடியும் கையுமாக வந்த அப்பா விஷயத்தைக் கேட்டதும் வெடித்தது மேலே என் அறைவரை கேட்டது.

"ஆரோட கதைச்சனீர்? போனைத் தொடாதேங்கோ எண்டு எல்லாருக்கும் சொன்னது நீர்தானே. விசரே உமக்கு?"

"ஓம், நான்தான்," என்றார் அம்மா. "கோயில் அக்கா ஒராளோட கதைச்சுக்கொண்டிருந்திட்டன்."

அப்பா கையிலிருந்த கொடியைச் சுவரில் எறிந்தார். மாமா அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை. உயிரோடு இருக்கிறாரா என்றுகூட இன்றுவரை தெரியாது. கடைசி நேரத்தில் தம்பியைவிட ஊர்க்கதை பெரிதாகப் போய்விட்டது என்று சித்தி எத்தனையோ வருடம் சொல்லிக் காட்டினார். அம்மா ஒருநாளும் மறுத்ததில்லை. நானும் வாய் திறக்கவில்லை.

அன்று அப்பா வருவதற்கு முன்பே அம்மா என்னை மேலே போய்ப் படுக்கச் சொல்லியிருந்தார். அவருக்கு அந்த இங்கிலீஷ் விளங்கவில்லை என்று நினைத்துக்கொண்டு படியேறினேன். பிடிபடவில்லை என்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.